அடைக்காத வடிகட்டி

அன்புள்ள அம்மாவுக்கு, கவியா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நல்ல சுகம்.

எங்கள் பல்கலைக்கழகமும் ஒரகடத்து மருந்து கம்பெனியும் சேர்ந்து செய்யும் ஆய்வில், மருந்துப் படிகம் மாவாக விழுந்து வடிகட்டியை அடைத்துக்கொண்டே இருந்தது. இன்னொரு முறை தவறினால் ஆய்வையே நிறுத்துவதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். கொஞ்சம் பழைய படிகத்தைத் தூவி, மெதுவாகக் குளிரவைக்கலாம் என்றேன்.

"இன்னாம்மா, தயிருக்கு உறை ஊத்துறியா?" என்று ஆப்பரேட்டர் தணிகாசலம் அண்ணன் சிரித்தார். ஆனாலும் ஏழு மணி நேரம் கூடவே நின்றார். திறந்து பார்த்தால் படிகம் சர்க்கரை மாதிரி மின்னியது! வடிகட்டியும் அடைக்கவில்லை.

"சூப்பரா வந்துகீதும்மா!" என்று கத்தியதும் அவர்தான்.

ஆய்வை இரண்டு வருடம் நீட்டிவிட்டார்கள். ஆகவே இப்போதைக்கு ஊருக்கு வர முடியாது. கருப்பட்டி அனுப்புங்கள். பார்சலில் விலாசத்தைத் தம்பி எழுத வேண்டாம், நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
கவியா
சுங்குவார்சத்திரம்