அப்பாவுக்கு வைத்த மீசை

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

புது வீட்டுப் படங்கள் வந்து சேர்ந்தன. சமையலறை ஜன்னல் அம்மா கேட்ட உயரத்திலேயே இருக்கிறது. திரைச்சீலை அழகாக இருக்கிறது என்று அண்ணியிடம் சொல்.

ஆனால் கூடத்துச் சுவரில் மாட்டியிருப்பது யார்? நெற்றி அப்பாவுடையது. காதும் அவருடையதுதான். அந்த முறுக்கு மீசை யாருடையது? படத்தைக் கீழே வைத்துவிட்டேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு நாள்கூட மழிக்காமல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகாத மனுஷன் அண்ணா அவர். "ஊசி போடுற ஆளுக்கு மீசை வேறயா? புள்ளைங்க எப்படிக் கையை நீட்டும்?" என்று கேட்பாரே, மறந்துவிட்டதா?

உன் தங்கை


மார்ச் 15

அன்புள்ள புத்தகப்புழுவுக்கு,

திட்டி முடித்தாயா? இனி நான் சொல்வதைக் கேள்.

அப்பா தவறிய வருஷம் பழைய வீடு ஒழுகி, அவர் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது மூக்குக்குக் கீழே பிய்ந்து வந்துவிட்டது. நம்மிடம் இருந்த ஒரே பெரிய படம். ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எந்த ஊருங்க?" சொன்னேன். அடுத்த வாரம் மீசையோடு நீட்டினார். "உங்க பக்கத்து ஆளுங்களுக்கு இது இல்லாம எப்படிங்க?" என்று சிரித்தார்.

திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்தேன். அதற்குள் கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன கம்பீரம்யா" என்றார். அப்பாவை அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இத்தனை வருஷமும் அது அம்மாவின் அறையில்தான் இருந்தது, தினமும் அதற்குத்தான் விளக்கேற்றினாள்; இங்கே வந்துதான் கூடத்தில் மாட்டினோம்.

நீ மட்டும் என்னவாம்? ஹாஸ்டல் வாசலில் தொல்லை கொடுத்தவனிடம் "எங்க ஊர்ல பேச மாட்டாங்க, வெட்டிடுவாங்க" என்று மிரட்டியது யார்? அப்பா காரியத்துக்குப் பிறகு இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவள், சுவரில் குறை சொல்ல வந்துவிட்டாள்.

மற்றபடி எல்லோரும் சுகம். பாப்பாதான் கூடத்தில் தனியாக இருக்க மாட்டேன் என்று அழுகிறாள். புது இடம் என்பதால் இருக்கும்.

அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணா,

மிரட்டியது நான்தான். அவன் உடனே நம்பினான். அதை இப்போது நினைத்தால் எனக்கே திக்கென்கிறது.

நம் ஊர்ப்பக்கத்து ஆள் என்று சொல்லி ஒருவன் முதன்முதலாகத் திரையில் அரிவாளோடு வந்தபோது, அப்பா தியேட்டரிலேயே சிரித்தார். "ஊசிப்பெட்டியோட நான் போகாத கிராமம் இல்ல. இவனை எங்கயும் பார்த்ததில்லையே." பிறகு படத்துக்குப் படம் அவனேதான் வந்தான். வெளியூர் லாட்ஜில் ஊர்ப் பெயரைக் கேட்டதும் நமக்கு அறை இல்லை என்றார்கள், கோபப்பட்டோம். கொஞ்ச வருஷத்தில் நம் பையன்களே அந்த அரிவாளை பைக்கில் படமாக ஒட்டிக்கொண்டார்கள். இப்போது அவன் நம் கூடத்துக்கே வந்துவிட்டான், அப்பாவின் நெற்றியோடு.

பாப்பா எதைப் பார்த்து அழுகிறாள் என்று உனக்கா தெரியவில்லை?

அப்பாவின் ஆஸ்பத்திரி அடையாள அட்டை என்னிடம் இருக்கிறது. இத்துடன் அனுப்புகிறேன். தபால்தலை அளவு முகம்தான், பெரிதாக்கிக்கொள். வேறு கடைக்குப் போ. ஊர்ப் பெயரைச் சொல்லாதே.

உன் தங்கை


ஏப்ரல் 28

அன்புள்ள புத்தகப்புழுவுக்கு,

ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. முகம் கொஞ்சம் மங்கல், ஆனால் அப்பாவேதான். கூடத்தில் மாட்டிவிட்டேன். பாப்பா கதவோரம் நின்று பார்த்தாள். "உங்க தாத்தா ஊசி போடுறவரு" என்றேன். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு படத்துக்கு நேரே போய் நின்றாள்.

இதோடு நிறுத்தியிருப்பேன். உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை.

அம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன். அவளுக்கு மறதி எல்லாம் இல்லை, யார் பிறந்தநாளையும் இன்றும் அவள்தான் எங்களுக்கு நினைவுபடுத்துகிறாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்ல முகமாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா அவரு மாதிரி இல்லையேப்பா."

"பழைய படத்தை எங்க வச்சே?" என்று கேட்டாள். இதை எழுதும்போதும் ஒவ்வொரு அறையாகப் போய் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள்.

நீ ஒருமுறை வந்துவிட்டுப் போ.

அண்ணன்