இன்னும் யாருக்கு வேணும் மக்களே?

என் தங்கமான சூசம்மா அக்கா,

கண்ணை மூடிப் போன இடத்திலும் நீ சும்மா இருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். யாருக்காவது கஞ்சி விளம்பிக்கொண்டுதான் இருப்பாய். கரண்டியைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு நான் சொல்வதைக் கேள். நம் அங்கன்வாடிக் கதைதான், வேறென்ன?

உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. பட்ஜெட்டில் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு ஒதுக்கியதைக் குறைத்துவிட்டார்களாம், புதிதாக யாரையும் எடுக்க மாட்டார்களாம். டீச்சரும் நான்தான், ஆக்கிப் போடுவதும் நான்தான். இங்கே 'அ' எழுதப் பழக்கினால் அங்கே பருப்பு அடிப்பிடிக்கிறது. சிரிக்காதே! நீ இருந்தவரை என்னை உலை வைக்க விட்டாயா? "ஏட்டி, நீ போயி பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் குடு, அடுப்படில உனக்கென்ன சோலி" என்று விரட்டிவிடுவாயே.

முட்டையும் குறைந்துபோனது. வருவதை நூல் வைத்துப் பாதி பாதியாக அறுத்துக் கொடுக்கிறேன். நீ இருந்தால், "கோழி என்ன அரை முட்டையா இடுது?" என்று ஆபீசுக்கே போய்க் கேட்டிருப்பாய். எனக்கு அந்த வாய் இல்லை, அக்கா. சத்துமாவும் நேரத்துக்கு வருவதில்லை. நம் ஸ்டெல்லா இரண்டாவது பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு வந்து, வெறும் பையோடு திரும்பிப் போகிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் திராணியில்லை.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆனி மாதம் இன்னொரு பேச்சு வந்தது. சாப்பிடுகிற பிள்ளைகள் குறைவான மையங்களை மூடி, பக்கத்து மையத்தோடு சேர்க்கப்போகிறார்களாம். நமக்குப் பக்கத்து மையம் எங்கே இருக்கிறது? பெரிய ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம். அவ்வளவு தூரம் இந்தச் சிறுசுகள் நடக்குமா? மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு விடியுமுன்னே போகிற தாய்மார் எப்படிக் கொண்டு விடுவார்கள்? நம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வேளைச் சோறும் போய்விடும்.

பார்த்து முடிவு செய்ய ஆபீசிலிருந்து ஒரு மேடம் வருகிறார் என்றதும் நம் தாய்மார் என்ன செய்தார்கள் தெரியுமா? நீ தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். திருவிழாவுக்குப் புறப்படுகிற மாதிரி பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, புட்டும் பழமும் வயிறு முட்ட ஊட்டி அனுப்பிவிட்டார்கள்! "வெளியாளுக்க முன்னால பிள்ள வாரித் தின்னா நமக்கு நாணக்கேடுல்லா டீச்சர்" என்றாள் ஸ்டெல்லா, பெருமையாக. மேடம் வந்தார். தட்டில் போட்ட சோறு போட்டபடியே இருந்தது. "இங்க பிள்ளைங்களுக்குத் தேவையே இல்ல போலிருக்கே" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா வீட்டு முற்றத்தில் நின்று நான் போட்ட சத்தத்தைக் கேட்டிருந்தால் நானா என்று நீ நம்ப மாட்டாய். "நாணக்கேடா? கடல் அடிச்சு வள்ளம் இறங்காதப்ப உனக்க பிள்ள என்னத்தத் தின்னுது? அத அவிய முன்னால காட்டுனா என்ன கொறைஞ்சா போவ?" அவள் சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சூசம்மா அக்கா இருந்தா பிள்ளைகளக் கேக்க வச்சிருப்பாவ. இப்ப அதுவ வாயே தெறக்காது டீச்சர்" என்றாள்.

சுருக்கென்றது எனக்கு. விளம்பி முடித்ததும் சோற்றுச் சருவத்தின் விளிம்பில் கரண்டியால் டங் டங்கென்று தட்டி, "இன்னும் யாருக்கு வேணும் மக்களே?" என்பாய். சத்தமாகக் கேட்கிற பிள்ளைக்குத்தான் முதலில் விழும், முனகினால் கிடையாது. "பசிக்குன்னு சொல்லதுக்கு எதுக்குட்டி வெக்கம்?" என்பாய். நீ போனபிறகு அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குப் பயம். கேட்டால் கொடுக்கச் சருவத்தில் இருக்க வேண்டுமே, அக்கா?

மறுநாள் மேடத்துக்குப் போன் போட்டேன். "கடல் அடிக்கிற நாளாப் பாத்து, சொல்லாமக் கொள்ளாம ஒரு தடவ வாங்க மேடம்" என்று கெஞ்சினேன். நம்புவாயா, வந்தார்! ஆடிக்காற்றில் குடை மடங்கி, சேலையெல்லாம் நனைந்து வாசலில் நின்றார். வள்ளங்கள் கரையேறி ஒரு வாரமாகியிருந்தது. பிள்ளைகள் தட்டை வழித்து நக்கிவிட்டு, வழக்கம்போல பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கரண்டியை எடுத்துத் தட்டினேன்.

"இன்னும் யாருக்கு வேணும் மக்களே?"

யாரும் அசையவில்லை. பிறகு ஸ்டெல்லாவின் மூத்தவள், உன் இடுப்பிலேயே வளர்ந்த அந்த ரோஸிக்குட்டி, தட்டைத் தலைக்குமேல் தூக்கி, "எனக்கு!" என்று போட்டாளே ஒரு கத்து! பின்னாலேயே எல்லாப் பிள்ளைகளும் கத்தினார்கள். மேடம் கிட்டே வந்து சருவத்துக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்தது ஒரு பிடிச் சோறு. "இவ்வளவுதானா?" என்றார். "எங்களுக்கு வாறதே இவ்வளவுதான் மேடம்" என்றேன். அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினார்.

மூடுவதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முட்டை இன்னும் பாதிதான். உன் இடமும் காலிதான். ஸ்டெல்லா அந்த வயிற்றோடு வந்து காய் நறுக்கித் தருகிறாள். சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலையை ஒரு பிள்ளைத்தாய்ச்சி செய்கிறாள், இது நியாயமா? அவளிடம் கேட்டால், "சும்மா கெடங்க டீச்சர்" என்கிறாள். வர வர உன்னை மாதிரியே பேசுகிறாள். அப்போதெல்லாம் உன்னை ரொம்பத் தேடுகிறது, அக்கா.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனி ஒரு நாளும் கரண்டி தட்டாமல் சாப்பாடு முடியாது. சருவத்தில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் தட்டுவேன். காலிச் சருவத்துக்குச் சத்தம் கூடுதல்தானே? கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கட்டும்.

நீ 'ஏட்டி' என்று விரட்டி விரட்டி வளர்த்த தங்கச்சி,
ஜெயசீலி டீச்சர்