அக்காவுக்கு அழும் அளவு

என் அன்பு அம்மா நோராவுக்கு,

அப்பாவிடம் சொல்லாதே என்று என் பதினோராவது வயதில் கேட்டுக்கொண்டாய். உன்னை அடக்கம் செய்து ஓராண்டு ஆகப்போகிறது, இன்னும் சொல்லவில்லை. இனி சொல்லாமல் இருக்க முடியாது. அதற்கு முன் உனக்கு எழுதிவிட நினைக்கிறேன்.

ஆஹென் நகரில் எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை. ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தோம். பெற்றோர் பெயர் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். உன்னிடம் இருந்தது நீ பிறந்த அயர்லாந்தில் கொடுக்கும் சிறிய சான்றிதழ். அதில் உன் பெயரும் பிறந்த நாளும் மட்டுமே. அப்பாவே அயர்லாந்துக்கு எழுதி முழுச் சான்றிதழை வரவழைத்தார். கவர் வந்ததும் அவர் போட்ட சட்டம் நினைவிருக்கிறதா?

"பிரிச்சிராத நோரா. சீலோட குடுக்கணும். பிரிச்சா செல்லாது."

திருச்சியிலிருந்து தன் மார்க் ஷீட்டுகளை அரக்கு முத்திரையோடு பல்கலைக்கழகத்துக்குச் சுமந்து வந்தவர் அவர். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நம்பினார். நீயும் பிரிக்கவில்லை. பிரித்திருந்தால் வீட்டிலேயே, தனியாக, உனக்குத் தெரிந்திருக்கும்.

குடியுரிமை அலுவலகத்துக்கு நீயும் நானும் மட்டும் போனோம். அங்கிருந்த அம்மாள் ஒட்டிய கவரைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு ஆங்கிலம் வராது. உனக்கு அலுவலக ஜெர்மன் வராது. என்னை வாசிக்கச் சொன்னாள். நான் பெருமையோடு, உரக்க, ஜெர்மனில் வாசித்தேன். குழந்தை, நோரா. தகப்பன் கட்டத்தில் ஒரு கோடு. தாய், கேத்லீன்.

கேத்லீன் உன் அக்கா. உன்னைவிடப் பதினேழு வயது மூத்தவள். மாதம் தவறாமல் உனக்குக் கடிதம் எழுதும் என் பெரியம்மா. விண்ணப்பத்தில் உன் தாய் பெயர் எலன் என்று எழுதியிருந்தாய். அந்த வீட்டில் நீ அம்மா என்று கூப்பிட்டது எலனைத்தான்.

"அம்மா, இதுல பெரியம்மா பேரு போட்டிருக்காங்க" என்றேன், தமிழில்.

தாளை வாங்கிப் பார்த்தாய். வெகுநேரம் பார்த்தாய். "வேற யாரோட பேப்பரோ வந்திருச்சுன்னு சொல்லு" என்றாய். அதுவும் தமிழில், அப்பா உனக்குக் கற்றுக்கொடுத்த மொழியில். சொன்னேன். சரியான தாளோடு வரச் சொன்னார்கள். நாம் மறுபடி போகவேயில்லை; குடியுரிமை வேண்டாம் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிட்டாய்.

பேருந்தில் என் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தாய்.

"அப்பாகிட்ட சொல்லாத. பொண்ணு நல்ல குடும்பமான்னு அவங்க வீட்ல ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. ஆமான்னு எழுதிக் குடுத்திருக்காரு."

"பொய் சொன்னா பாவம்னு நீதானம்மா சொன்ன?"

"சொல்லாம இருக்கறது பொய் இல்லடி."

அதை நீ நம்பினாயா? கல்யாணமாகாத பெண்ணின் பிரசவத்தை மறைத்து, பிறந்த குழந்தையை அவளுக்கே தங்கையாக்கிவிடுவது உங்கள் ஊரில் பல வீடுகளில் நடந்ததுதான் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். சொல்லாமல் இருப்பது பொய் இல்லை என்றுதான் உன்னை ஏமாற்றியவர்களும் தங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கேத்லீன் அந்த வீட்டுக்குள் வாயடைத்துக் கிடந்தாள், நீ ஆஹெனின் இரண்டு அறைக்குள். அப்பா இருக்கும்போது அவள் கடிதத்தைப் பிரிப்பதையே விட்டுவிட்டாய். தபால்காரர் வந்தாலே அப்பாவுக்கு முன்னால் நான் ஓடிப்போய் வாங்குவேன்.

அவளிடம் கேட்டாயா? அவள் ஏதாவது சொன்னாளா? உன் பெட்டி முழுக்கத் தேடிவிட்டேன். நாற்பது வருடம் ஊரார் வீட்டு உண்மைகளை விசாரித்துப் பத்திரிகையில் எழுதிய எனக்கு, என் வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடைக்கவில்லை.

இரண்டு ஆண்டு கழித்துத் தந்தி வந்தது, சகோதரி கேத்லீன் இறந்துவிட்டாள் என்று. நீ கதறினாய். அப்பா உன் தலையைத் தடவி, "பெரிய அக்கான்னா அம்மா மாதிரிதானே. அழுதுரு" என்றார். சட்டென்று அடக்கிக்கொண்டாய். அதற்கு மேல் அழுதால் ஏன் என்று கேட்பாரோ என்று பயந்தாய். டிக்கெட் எடுக்கிறேன், போய்வா என்றதற்கும் வேண்டாம் என்றாய். பிறகு சமையலறையில் என்னிடம் சொன்னாய்: "தங்கச்சியா போய் நிக்க என்னால முடியாதுடி. மகளா நிக்க விடமாட்டாங்க."

இங்கே, நாம் திரும்பி வந்துவிட்ட திருச்சியில், அப்பா நலம். காது மட்டும் மந்தம். உன் ஓராண்டுத் திருப்பலி வரும் ஞாயிறு. பூசையில் வாசிக்க வேண்டிய நம் வீட்டு இறந்தோர் பெயர்களை அவரே எழுதியிருக்கிறார். நோராவின் தாய் எலன், நோராவின் அக்கா கேத்லீன். "பத்திரிகைக்காரி நீ, தப்பிருந்தா திருத்து" என்று என்னிடம் நீட்டினார்.

பக்கத்தில் இருந்த என் மகள் எட்டிப்பார்த்து, "கேத்லீன் யாரும்மா?" என்றாள்.

"பாட்டியோட அக்கா" என்றேன். தடுமாற்றமே இல்லாமல் வந்தது. அந்த நிமிடம் எனக்குப் பயமாகிவிட்டது, அம்மா.

நாளைக் காலை அப்பாவிடம் சொல்வேன், என் மகளையும் கூட உட்கார வைத்துக்கொண்டு. அவர் கோபம் என் மேல் விழட்டும், இத்தனை வருடம் மறைத்தவள் நான்தானே. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேத்லீன் உன் தாயாகத்தான் வாசிக்கப்படுவாள். இது என் வாக்கு.

உன் மகள்,
கேத்லீனின் பேத்தி,
ரீட்டா