வாளியில் மூழ்கிய டிஏசி

அக்டோபர் 2007, வெள்ளி

கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டைத் துல்லியமாகக் கேட்க, ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் நானே டிஏசி என்னும் ஒலிமாற்றிக் கருவி செய்துகொண்டிருந்தேன். கடைசி ஒயரை ஈயம் உருக்கிச் சால்டர் வைத்தபோது கொஞ்சம் புகை வந்தது. அவ்வளவுதான். பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருக்கும் பக்கத்து வீட்டு மாமா ஓடிவந்து, டப்பாவைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் அமுக்கிவிட்டார்.

“மாமா, அது பாட்டுக் கேக்குற பெட்டி!”

“டப்பா, ஒயரு, புகை. குண்டுன்னு இல்லாம வேற என்னன்னுலே நெனைக்கிறது? புள்ளகுட்டி இருக்குற தெரு, தெரியுதாலே?”

அம்மா அவருக்குக் காப்பி வேறு போட்டுக் கொடுத்தாள். என் இத்தனை நாள் உழைப்பும் ஊறிக் கிடக்கிறது.

தீபாவளி சீசனுக்காக அவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒரு மூட்டை பட்டாசுத் திரி கிடப்பது தெருவுக்கே தெரியும். அதற்கு எவனும் வாளி தூக்கவில்லை. அந்தக் கட்டிலில்தான் அவர் பிள்ளைகள் இப்போது தூங்குகிறார்கள்.