அணைச்சாச்சு என்றாய்

பிப்ரவரி 11

அன்புள்ள நெட்டைக்கு,

வலது கைக் கட்டு அவிழும்வரை இடது கையால் எழுதிப் பழகச் சொல்லிவிட்டாராமே டாக்டர். "போன் வேணாமாம், கடிதாசி போடச் சொல்றா. அப்பதான் அவளும் பதில் எழுதிப் பழகுவாளாம்" என்று உன் அம்மா சொன்னார்கள். இதோ போட்டுவிட்டேன். நாலு வரிக்குள் கை வலிக்கிறது என்று சாக்குச் சொல்லக் கூடாது.

நீ இல்லாமல் விடுதி அறை பெரிதாகிவிட்டது. உன் கட்டில் முழுக்க என் துணிதான். வந்து திட்டு. நாம் இறுதியாண்டுக்காகச் செய்த பிளாஸ்டிக் பாட்டில் வெட்டும் இயந்திரத்தைப் பட்டறையில் கழுவித் துடைத்து, வாய்ப் பக்கம் புதிதாக ஒரு தகடும் அடித்திருக்கிறான் கேப்டன். யாரும் கேட்காமலே குழுத் தலைவனாகிக்கொண்டவன் அல்லவா, இப்போது அதிகாரம் இன்னும் கூடிவிட்டது. அடுத்த வாரம் தேர்வாளர் வருகிறார். அறிக்கையில் மூன்று பெயர்தான். உன் பெயரை எடுக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. விடவில்லை நான்.

சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? எழுது.

உன்,
ஓட்டைவாய்

பிப்ரவரி 17

ஓட்டைவாய்க்கு,

எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள். இரண்டு விரல் போய்விட்டது. மற்றவை அசைகின்றன. அம்மா ஊட்டிவிடுகிறாள். வெட்கமாக இருக்கிறது.

ஒன்று கேட்கணும். சிக்கின பாட்டில் துண்டை எடுக்கக் குனிவதற்கு முன்னால் நான் "சுவிட்ச அணைச்சாச்சா?" என்று கேட்டேன். நீ "அணைச்சாச்சு" என்றாய். பிறகு எப்படி ஓடியது? மயக்க மருந்து கொடுத்தால் நினைவு கொஞ்சம் குழம்புமாம். குழம்பித்தான் விட்டதா? நீதானே பக்கத்தில் நின்றாய். நீ சொன்னால் நம்புவேன்.

நெட்டை

பிப்ரவரி 24

அன்புள்ள நெட்டைக்கு,

கோழி கிளறினதா? என் வலது கை எழுத்தைவிட நன்றாக இருக்கிறது உன் எழுத்து.

நல்ல சேதி. நமக்குத்தான் முதலிடமும் பரிசும். தேர்வாளர் இருபது பாட்டிலை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார், ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. கேப்டன் பேரை வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் அங்கேயே எழுதிக்கொண்டார்கள். துறைத் தலைவர் வாய் நிறையச் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். உன் பெயரையும் மேடையில் வாசித்தார்கள். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நீ கேட்டது… எல்லாம் கண்ணிமைக்கிற நேரத்தில் நடந்துவிட்டது, நெட்டை. அதையே போட்டுக் குடையாதே. முதலில் உடம்பைப் பார். மீதியை நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன்,
ஓட்டைவாய்

மார்ச் 3

ஓட்டைவாய்க்கு,

இதை எழுத மூன்று நாள் பிடித்தது. கை வலி மட்டும் காரணமில்லை.

துறைத் தலைவர் அப்பாவுக்குப் போன் செய்தார். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்துக்குள் நானே கையை விட்டேனாம். கூட இருந்த இரண்டு பேரும் எவ்வளவோ தடுத்தார்களாம். அதனால் கல்லூரிக்கு இதில் பொறுப்பில்லையாம்.

அப்பா பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு வந்தவர், காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஓடுற மிஷின்லயா கைய விட்ட?"

"இல்லப்பா. அணைச்சாச்சான்னு கேட்டுட்டுத்தான் விட்டேன்."

என் கைக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அந்தப் பையன் சொன்னா நான் நம்ப மாட்டேன். ஆனா இந்தப் பொண்ணு நம்ம வீட்ல தங்கி, உங்கூட ஒரே தட்டுல சாப்பிட்ட பொண்ணு. அது உன்னப் பத்திப் பொய் சொல்லுமா?"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பார்க்க வருகிற அத்தை, சித்தப்பா எல்லாரிடமும், "சின்னதுலேருந்தே அவ கொஞ்சம் அவசரக்காரி" என்கிறார். நான் உள்ளே படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில நேரம் எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது, நான்தான் கேட்காமல் கையை விட்டேனோ என்று.

போன கடிதத்தில் நீ ஆமாம் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. இப்போது ஒரே ஒரு வார்த்தை எழுது. அணைச்சாச்சு என்று சொன்னாயா?

நெட்டை

மார்ச் 10

நெட்டை,

சொன்னேன்.

நான்தான் அணைத்தேன், அணைத்துவிட்டுத்தான் சொன்னேன். நீ குனிந்திருந்தது இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற கேப்டனுக்குத் தெரியவில்லை. துண்டை எடுத்து முடித்துவிட்டோம் என்று நினைத்துவிட்டான். அவன் கை சுவரில் இருந்த சுவிட்சுக்குப் போனதைப் பார்த்தேன். நான் கத்துவதற்குள் நீ கத்திவிட்டாய்.

மறுநாள் துறைத் தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, உண்மையைச் சொன்னால் மூன்று பேருக்கும் வருஷம் போகும், பட்டறையையும் மூடுவார்கள் என்றார். "அவளுக்குப் போனது போயிடுச்சு. நீங்க ரெண்டு பேராவது கரை சேருங்க" என்றார். நீயாகவே கையை விட்டாய் என்று கேப்டன்தான் சொன்னான். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். என் வாய்க்குப் பூட்டே கிடையாது என்று எப்போதும் கிண்டல் செய்வாயே, அன்றைக்கு அது திறக்கவே இல்லை.

உன் அப்பா சொன்னதைப் படித்த பிறகு சோறு இறங்கவில்லை. நேற்று முதல்வரைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எங்கள் இருவரின் மதிப்பெண்ணையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை நடக்குமாம். கேப்டன் சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, "நான் வேணும்னா பண்ணேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்டு. நான் வரட்டுமா? நீ சொன்னால் அடுத்த பேருந்திலேயே வருகிறேன்.

உன்,
ஓட்டைவாய்

மார்ச் 21

ஓட்டைவாய்க்கு,

அப்பாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். பிறகு போனை எடுத்து அத்தை, சித்தப்பா என்று ஒருவர் விடாமல் கூப்பிட்டு, "எம் பொண்ணு மேல தப்பில்ல" என்றார். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே சொன்னார். ராத்திரி சாப்பிடும்போது என் தலையில் கை வைத்தார், அவ்வளவுதான்.

ஜூன் மாதம் திரும்ப வருகிறேன். அடுத்த வருஷத்துப் பிள்ளைகளோடு வேறு குழுவில் சேர்த்துவிடுவதாக முதல்வர் சொல்லியிருக்கிறார். விடுதியில் வேறு அறை கேட்டிருக்கிறேன்.

நீ போய்ச் சொன்னதில் எனக்குச் சந்தோஷம்தான். முதல்வர் முன்னால் நின்று பேச எவ்வளவு தைரியம் வேண்டும் என்று தெரியும். ஆனால் என்னிடம் சொல்ல அவ்வளவு தைரியம் வேண்டியிருக்காதே. நம்புவேன் என்று எழுதித்தானே கேட்டேன்? என் நினைவு சரிதான் என்று நீ ஒரு வரி எழுதியிருந்தால், உலகம் முழுக்க வேறு மாதிரிச் சொன்னாலும் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். முதலிடம் கிடைத்ததை எழுதினாயே, அந்தக் கடிதத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"அந்தப் பொண்ண ஒருநாள் வரச் சொல்லும்மா, பாவம்" என்கிறார் அப்பா.

சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் உன்னை வரச் சொல்லும் கடிதம் இது இல்லை.

நெட்டை