பக்கத்து சீட்

என் வீட்டு அதிகாரிக்கு,

நீயும் பிள்ளைகளும் நலமா? அம்மாவின் முட்டிவலி தேவலையா? எனக்குப் போன வாரம் வந்த காய்ச்சல் முழுசாகப் போய்விட்டது. பயப்படாதே, நீ சிரிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று காலை தலை சுற்றியது. லாரி ஓட்ட முடியாது, மறுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். "மாத்திரையைப் போட்டுட்டு கிளம்புய்யா, என்கிட்ட சட்டம் பேசாத" என்று எகிறினார்.

உன் ஞாபகம் வந்தது. நான் தூக்கக் கலக்கத்தில் பைக் ஓட்டிய அன்று, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாதியிலேயே இறங்கி, "நான் பஸ்ஸுல வர்றேன்" என்றாயே!

லாரியின் பக்கத்து சீட் கதவைத் திறந்தேன். "சரி சார், ஓட்டுறேன். நீங்களும் துணைக்கு ஏறுங்க" என்றேன். மற்ற டிரைவர்கள் கூடிவிட்டார்கள். படியில் ஒரு காலை வைத்த சூப்பர்வைசர், என் சிவந்த கண்ணைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டார். "போய்ப் படுய்யா" என்றார். கைதட்டலும் விசிலும் பறந்தன!

இப்போது யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும், "ஏறுங்க சார்" என்று கதவைத் திறக்கிறார்கள். அவரும் உடனே லீவு கொடுத்துவிடுகிறார்.

நீ போர்த்திக்கொள்ளும் அந்தப் பச்சைப் போர்வையை அனுப்பு. துவைக்காமலேயே அனுப்பு.

லோடு ஏற்றியாகிவிட்டது, கூப்பிடுகிறார்கள். பக்கத்து சீட் காலிதான். இருந்தாலும் நீ பாதியில் இறங்காத மாதிரிதான் ஓட்டுகிறேன்.

உன் டிரைவர்