மோட்டரும் மாப்பிள்ளையும்

யூன் 3, செவ்வாய்

இன்று பொருளியல் ரியூசனில் தொழிற் சந்தை. ஆளுக்குக் கேள்வி, அதாவது தேவை, கூடினால் விலை கூடும் என்று கோடு கீறினோம். எனக்குச் சிரிப்பு. கோடு எதற்கு? எங்கள் வீட்டுக்கு வந்து அண்ணையின் போனைப் பார்த்தால் போதும்.

லெனாட் அண்ணை தண்ணீர் மோட்டர், சோலர், ஏசி எல்லாம் திருத்துவான். அவனோடு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர்களில் பாதிப்பேர் கட்டாரில், மீதி ருமேனியாவில். ஆகவே சுன்னாகத்தில் எந்த மோட்டர் உயிரை விட்டாலும் இவன்தான் வைத்தியர். உதவிக்கு ஆள் தேவை என்று சந்தைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் வெயிலில் வெளுத்தே விட்டது. ஒருத்தரும் வரவில்லை. பட்டம் எடுத்தவர்கள் எல்லாரும் அரசாங்க வேலைக்குக் காத்திருக்கிறார்கள். அதனால் போன் எடுப்பதும் திகதி கொடுப்பதும் என் பாடு. "சோலரோ, வேறை ஏதும் சோலியோ?" என்று கேட்டுத்தான் தொடங்குவேன்.

ஊரெல்லாம் கேள்வி உள்ள அண்ணைக்கு ஒரே ஒரு வீட்டில் விலை இல்லை. தர்சினி அக்கா வீட்டில். இரண்டு பேருக்கும் விருப்பம் என்று தெரிந்து அம்மா போய்க் கேட்டபோது, அவவின் அப்பா கிறிஸ்துநாயகம் மாமா சொன்னாராம்: "பெடியன் நல்லவன்தான், தங்கச்சி. ஆனால் உத்தியோகம் எண்டு ஒண்டு வேணுமெல்லோ." மாமா கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கச்சேரி இன்னும் அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை.

யூன் 6, வெள்ளி

தர்சினி அக்கா அழுதழுது வொய்ஸ் அனுப்பினா. ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்களாம். கொடிகாமத்து மாப்பிள்ளை, அரசாங்கத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். அப்பா ஓம் சொல்லத் தயாராம். அண்ணையிடம் சொல்லாதே என்றா.

சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அண்ணையின் போன் அடித்தது. கிறிஸ்துநாயகம் மாமா. கிணற்று மோட்டர் நின்றுவிட்டதாம். வேறு ஆட்களுக்கு எடுத்துப் பார்த்து, ஒருவர் துபாய், ஒருவர் எடுக்கவேயில்லை, கடைசியில் வேறு வழியில்லாமல் எங்களுக்கே. என் குரல் பிடிபடாமல் இருக்க நான் மூக்கால் கதைத்தேன்.

"நாளைக்கு வரேலாதோ, பிள்ளை?"

"நாளைக்கு இடமில்லை, ஐயா. ஞாயிறு பின்னேரம் நாலு மணி. இல்லாட்டி அடுத்த மாசம்."

"அண்டைக்கு வீட்டிலை ஒரு விசேசமெல்லோ."

"விசேசத்துக்கும் தண்ணி வேணுமெல்லோ, ஐயா."

நேரத்தை இரண்டு தரம் கேட்டார். பிறகு ஓம் என்றார்.

நாளைக்கு அண்ணை உண்மையில் சும்மாதான் இருக்கிறான்.

யூன் 7, சனி

மாமா வீட்டு மோட்டர் என்று மட்டும் அண்ணையிடம் சொன்னேன். பெண் பார்க்க வருவதை இன்னும் சொல்லவில்லை. ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம்.

யூன் 8, ஞாயிறு

ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறேன் என்று நானும் தொற்றிக்கொண்டு போனேன். வாசலில் வான், முற்றத்தில் புதுச் செருப்புகள். அண்ணைக்கு உடனே விளங்கிவிட்டது.

"நீ செய்த வேலையோ இது?"

ஏசவில்லை. அதுதான் பயம். திரும்பிப் போவான் என்று நினைத்தேன். "வந்த வேலையை முடிப்பம்" என்று கிணற்றடிக்குப் போய் மோட்டரைக் கழற்றினான். யன்னலுக்குள்ளால் தர்சினி அக்கா சாறியோடு தேத்தண்ணித் தட்டைக் கொண்டுபோவது தெரிந்தது. அண்ணை நிமிரவே இல்லை. கையெல்லாம் கிறீஸ், சேட்டெல்லாம் சேறு. என்னை நானே ஏசிக்கொண்டேன்: இதெல்லாம் ஒரு பகிடியோ, ஷரோன்? உனக்கென்ன விசரோ? — சத்தியமாய் அழுகை வந்திட்டுது.

மோட்டர் இரைந்தது. குழாயில் தண்ணீர். மாப்பிள்ளை கை கழுவ வந்தார். பெயர் சுஜீவன். பின்னால் துவாயோடு கிறிஸ்துநாயகம் மாமா. மாப்பிள்ளை கை கழுவவில்லை. மோட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, சோலரும் பூட்டுவீங்களோ?"

"ஓம்."

"சனி ஞாயிறிலை உதவிக்கு ஆள் எடுக்கிறியளோ?"

"ஆருக்கு?"

"எனக்குத்தான். எங்கடை கந்தோரிலை ஒரு மேசைக்கு மூண்டு பேர், அண்ணை. சம்பளமில்லா லீவு எடுத்து வெளிநாடு போகப் பாக்கிறன். அங்கை அபிவிருத்தி உத்தியோகத்தரை ஒருத்தரும் கேக்கேல்லை. இந்த வேலை தெரியுமோ எண்டுதான் கேக்கிறாங்கள்."

மாமாவின் கையில் துவாய் நீட்டினபடியே நின்றது.

"முதல் கையைக் கழுவுங்கோ, பிறகு கதைப்பம்" என்றான் அண்ணை.

நான் வாழைக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டேன். பெண் பார்க்க வந்தவருக்குக் கிணற்றடியில் நேர்முகப் பரீட்சை. போகும்போது மாப்பிள்ளையின் தாய் "யோசிச்சுச் சொல்லுறம்" என்றா. மாமா "நாங்களும்" என்றார்.

யூன் 9, திங்கள்

அண்ணை என்னோடு கதைக்கவில்லை. மோட்டர்களோடு மட்டும் கதைக்கிறான்.

யூன் 14, சனி

சுஜீவன் எங்கள் அண்ணையிடம் வேலைக்கு வந்துவிட்டார். அயன் பண்ணின சேட்டோடு. ஏணியில் ஏறினவர் இறங்க யோசிக்கிறார்.

மத்தியானம் போன். மூக்கைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

"மூக்கை விடு, ஷரோன். நீயெண்டு தெரியும்."

கிறிஸ்துநாயகம் மாமா. விட்டேன்.

"மோட்டருக்கு என்ன, மாமா?"

"மோட்டர் ஓடுது. தர்சினிதான் சாப்பிடுறாளில்லை. உவன் லெனாட்டைத் தவிர வேறை ஆரையும் கட்டமாட்டாளாம்." ஒரு பெருமூச்சு. "உன்ரை அண்ணைக்கு எப்ப நேரமிருக்கு? அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லு."

அடுத்த மாசம்தான் என்று சொல்ல நாக்குத் துடித்தது. "இண்டைக்கே" என்றேன்.

அண்ணை கூரையில் இருந்து இறங்கி வந்து, ஒரு கிழமைக்குப் பிறகு என்னோடு கதைத்தான். "அவர் என்ன சொன்னவர்? திருப்பிச் சொல்லு." சொன்னேன். திரும்பவும் சொல்லச் சொன்னான்.

யூலை 20, ஞாயிறு

ஆராதனையில் போதகர் முதலாவது கலியாண ஓலையை வாசித்தார். லெனாட், தர்சினி. இவர்கள் விவாகத்துக்குத் தடை சொல்வார் உண்டோ என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். நான் இருமினேன். அம்மா தொடையில் கிள்ளினது இன்னும் நோகுது.

வெளியே வந்ததும் பின் வரிசை வாங்கில் இருந்த ஒரு அன்ரி மாமாவைப் பிடித்துக்கொண்டா.

"மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?"

மாமா தொண்டையைச் செருமினார்.

"அதையேன் கேக்கிறியள். அவரிட்டைக் கலியாணத்துக்கு ஒரு நாள் எடுக்கிறதே பெரிய பாடாய்ப் போச்சு."